ஏஜிஎம்முக்குப் போறதுக்கு முன்னாடி பைலாவ ஒரு தடவ பாருங்க

டெல்லில நம்மாளுங்க நடத்துற கிளப், சபா, சங்கம் எதுவா இருந்தாலும் சரி, ஏஜிஎம் (வருஷாந்திர பொதுக்கூட்டம்) நோட்டீஸ் வந்தா முதல்ல பாக்குறது தேதி, அடுத்து சாப்பாடு உண்டா. ஆறாவது அஜெண்டாவா 'பைலா (கிளப்போட விதிமுறை) திருத்தம்'னு ஒரு வரி கெடக்கும், அத யாரும் கண்டுக்கறதில்ல. நான் கம்பெனி செக்ரட்டரி, சண்டை முத்தின பிறகுதான் மினிட்ஸ் புக்கத் (கூட்டக் குறிப்பு நோட்டு) தூக்கிட்டு எங்கிட்ட வருவாங்க. பாதிக்கு மேல கேஸ்ல யாருக்கு ஓட்டு ஜாஸ்திங்கிற சண்டையே இல்ல, அந்த மீட்டிங்கே செல்லுமாங்கிறதுதான்.

முதல்ல உங்க கிளப் எந்தச் சட்டத்துல பதிவாயிருக்குன்னு பாருங்க. சின்ன கிளப் பெரும்பாலும் 1860 சொசைட்டி பதிவுச் சட்டம். ஏஜிஎம்முக்குக் குறைஞ்சது எத்தன பேர் இருக்கணும்னு, அதாவது கோரம் எவ்வளவுன்னு, அந்தச் சட்டம் சொல்லல, உங்க பைலாதான் சொல்லணும். சில பெரிய கிளப் கம்பெனியா பதிவாயிருக்கும், அது ப்ரைவேட் கம்பெனி இல்லேன்னா 2013 கம்பெனிச் சட்டம் 103வது பிரிவு: மெம்பர் 1000 வரைக்கும் இருந்தா 5 பேர், 5000 வரைக்கும் 15, அதுக்கு மேல 30, அவங்க விதில இதவிட ஜாஸ்தி போட்டிருந்தா அதுதான் கணக்கு. அரை மணி நேரத்துல கோரம் சேரலேன்னா மீட்டிங் அடுத்த வாரம் அதே நாளுக்குத் தள்ளிப்போகும், அப்பவும் சேரலேன்னா வந்தவங்கள வெச்சே நடத்தலாம். ஆனா மெம்பர்களே கையெழுத்து வாங்கிக் கூட்டச்சொன்ன மீட்டிங்னா தள்ளிப்போகாது, ரத்துதான். கமிட்டிய எறக்கணும்னு கையெழுத்து வாங்கினவங்களே லேட்டா வந்து கோட்டை விட்டா என்ன பண்றது!

சொசைட்டி பைலால பல இடத்துல 'அரை மணி நேரம் கழிச்சு அதே இடத்துல, கோரம் தேவையில்ல'ன்னு இருக்கும். பத்து மணி நோட்டீஸ்னா நம்மாளுங்க பதினொண்ணுக்குத்தான் வருவாங்க, அதுக்குள்ள பன்னெண்டு பேர் கணக்கப் பாஸ் பண்ணி முடிச்சிருப்பாங்க. கோவம் வரும், ஆனா பைலால இருந்தா அது செல்லும். நோட்டீஸ்ல இல்லாத புது விஷயத்த அங்க நுழைச்சா மட்டும் விடாதீங்க.

யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளப்ல ரெஜிஸ்டர்ல எழுபது கையெழுத்து, கோரம் ஐம்பது. வாசல்லயே கையெழுத்துப் போட்டு, வடையும் காபியும் முடிச்சு, பாதிப்பேர் கெளம்பிட்டாங்க. சந்தா ஏத்துற தீர்மானத்துக்குக் கை தூக்கினப்ப ஆதரவு முப்பத்தொண்ணு, எதிர்ப்பு ஒன்பது, ஹால்ல இருந்ததே அவ்வளவுதான். மினிட்ஸ்லயோ 'ஒருமனதாக நிறைவேறியது'! ஒன்பது பேரும் எழுத்துல ஆட்சேபம் குடுத்ததும் நோட்டீஸ் போட்டுத் திரும்ப நடத்த வேண்டியதாச்சு. ஓட்டு எடுக்குற நேரத்துல தலைய எண்ணச் சொல்லி சேர்மன்கிட்ட கேளுங்க, கேக்குறதுல ஒரு வெக்கமும் இல்ல.

சந்தா பாக்கி இருக்குறவங்க கதை வேற. 1860 சட்டம் 15வது பிரிவுப்படி மூணு மாசத்துக்கு மேல பாக்கி வெச்சிருந்தா ஓட்டும் கிடையாது, மெம்பர் எண்ணிக்கையிலயும் வரமாட்டார். 300 பேர்ல 60 பேர் அப்படின்னா, மூணுல ஒரு பங்கு கோரம் 100 இல்ல, 80. எலெக்‌ஷன் காலைல கேஷியர் முன்னாடி க்யூ நிக்கிறது இதனாலதான்.

அடுத்து மெஜாரிட்டி, அதுவும் பைலா மூணுல ரெண்டு பங்கு ஆதரவு கேட்டா. 300 மெம்பர்ல 60 பேர் வந்து, 38 ஆதரவு, 18 எதிர்ப்பு, 4 பேர் சும்மா இருந்துட்டாங்கன்னு வெச்சுக்கங்க. வந்தவங்கள்ல மூணுல ரெண்டுன்னா 40 வேணும், தோல்வி. ஓட்டுப் போட்டவங்கள்லன்னா 38 போதும், ஜெயிச்சாச்சு. மொத்த மெம்பர்லன்னா 200 வேணும், பேச்சே இல்ல. பைலால எது எழுதியிருக்குன்னு தெரியாமலே வாட்ஸாப்ல வாழ்த்து போட்டுடறாங்க.

சொசைட்டி கிளப்போட நோக்கத்தையே மாத்தணும்னா 1860 சட்டம் 12வது பிரிவு இன்னும் கறார்: பத்து நாள் முன்னாடி எல்லாருக்கும் எழுத்துல விவரம், அஞ்சுல மூணு பங்கு ஓட்டு, ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது மீட்டிங்லயும் அதே அஞ்சுல மூணு.

ப்ராக்ஸி (வராதவருக்குப் பதிலா வர்ற ஆள்) கம்பெனி கிளப்லயும், பங்கு மூலதனம் இல்லாத கம்பெனின்னா, அவங்க விதில இருந்தாதான் உண்டு, இருந்தாலும் கோரத்துல சேராது, கை தூக்கி ஓட்டும் போட முடியாது, போல் (எண்ணி எடுக்குற வாக்கெடுப்பு) எடுத்தாதான். சொசைட்டில பைலால இருக்கான்னு முதல்லயே பாத்துக்கங்க.

உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா அங்கயே எழுந்து சொல்லி மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க, ராத்திரியே செக்ரட்டரிக்கு மெயில் போடுங்க. சொசைட்டின்னா ஏஜிஎம் முடிஞ்சு 14 நாளுக்குள்ள கமிட்டி லிஸ்ட் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் போகணும், அது போறதுக்கு முன்னாடி உங்க லெட்டர் அங்க இருக்கட்டும்.