கரண்ட் 2 நொடி போய் வந்தால் உங்கள் ஃப்ரிட்ஜ் டைமர் என்ன செய்யும்?

இந்த மாதத்தில் என்னிடம் எரிந்து வந்த மூன்றாவது ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் இது. கரண்ட் வந்து 3 நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜை ஆன் செய்ய வீட்டுப் பிள்ளையே 555 ஐசி (நேரம் கணக்கிடும் சில்லு) வைத்து சர்க்யூட் செய்திருக்கிறான், "செல்போன்ல டைம் வச்சுப் பார்த்தோம் சார், கரெக்டா மூணு நிமிஷம் வந்துச்சு" என்கிறார்கள். வந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த சர்க்யூட்டைத்தானே காலையில் போட்டுப் பார்த்தீர்கள்?

கரண்ட் அரை மணி நேரம் போனால்தான் ஆபத்து, கண் சிமிட்டிவிட்டு வந்தால் ஒன்றுமில்லை என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அரை மணி நேரம் போனால் எனக்குக் கவலையே இல்லை. அதற்குள் கேஸ் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாகி, கம்ப்ரசர் லேசாகக் கிளம்பிவிடும். 2 நொடியில் அது சமமாகாது. மோட்டார் சுற்ற முடியாமல் திணறி ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், சூடானால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோட் சில தடவை காப்பாற்றும், அப்புறம் மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது வைண்டிங் போகும். உங்கள் சர்க்யூட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுவதை வைத்துத்தான் மூன்று நிமிடத்தைக் கணக்கிடுகிறது; அதே 2 நொடியில் அதிலும் சார்ஜ் இறங்கியிருக்காது, அதனால் கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜை ஆன் செய்யும் ஸ்விட்சான ரிலே காத்திருக்காமல் டக்கென்று போட்டுவிடும். எந்த நேரத்துக்காக இதைச் செய்தீர்களோ, அந்த நேரத்தில்தான் இது கைவிடுகிறது.

கெப்பாசிட்டரை மெதுவாகச் சார்ஜ் ஏற விடும் டைமிங் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போடுங்கள், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். சப்ளை விழுந்ததும் கெப்பாசிட்டர் அதன் வழியாகக் காலியாகும். சப்ளையும் சீக்கிரம் விழ வேண்டுமே, அதனால் 12 வோல்ட் லைனுக்குக் குறுக்கே 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ரிலே காயிலுக்கும் டையோடு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, அந்தச் சின்ன நீல ரிலே. அதில் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பிறகு டைமர் இருந்தும் இல்லாத மாதிரிதான். 30 ஆம்பியர் ரிலே வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230 வோல்ட்டிலிருந்து நேராகக் கெப்பாசிட்டர் வைத்து சப்ளை எடுக்கவே எடுக்காதீர்கள். தயவுசெய்து. அந்த போர்டில் எங்கே கை வைத்தாலும் ஷாக் அடிக்கும்.

எல்லாம் முடிந்ததும், ஃப்ரிட்ஜை மாட்டுவதற்கு முன்னால் ஒரு பல்பை மாட்டி, எரிய விட்டு, 1 நொடி அணைத்துப் போடுங்கள், பிறகு 2 நொடி, பிறகு 5 நொடி. ஒவ்வொரு தடவையும் பல்பு முழுசாக 3 நிமிடம் காக்க வைக்க வேண்டும். ஒரு தடவை முந்தி எரிந்தாலும் ஃப்ரிட்ஜை அதில் மாட்டாதீர்கள்.