சாமி இல்லாத நடுக்குளிர்காலத் திருவிழா: 23.4 டிகிரி சாய்வு போதும்

"உனக்குத்தான் சாமியே இல்லையே, அப்புறம் டிசம்பர்ல எதுக்கு லைட் கட்டுற, கேக் வெட்டுற?" நாத்திகர்கள பாத்து வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இத கேட்டுருவாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதுக்கு பதில தத்துவத்துல தேடுறத விட வானத்துல தேடுறது ஈஸி. மதப் பண்டிகைங்க பலதுக்கும் "அன்னிக்கு இது நடந்துச்சு"ன்னு ஒரு கதைய நம்பியாகணும், நடுக்குளிர்காலத்துக்கு அப்படி எதையும் நம்ப வேண்டியதில்ல, அந்த சம்பவம் ஒவ்வொரு வருஷமும் நம்ம தலைக்கு மேலயே திரும்ப நடக்குது, வேணும்னா வாட்ச் வெச்சு சரிபாத்துக்கலாம்.

சம்பவம் என்னன்னா, பூமி 23.4 டிகிரி சாஞ்ச மேனிக்கே சூரியன சுத்துது. சுத்துற பாதையில எங்க இருந்தாலும் சாய்வு ஒரே திசையைத்தான் பாக்கும் (அந்த திசையும் மெதுவா மாறுது, ஆனா ஒரு முழு சுத்துக்கு ஏறக்குறைய 26,000 வருஷம் ஆகும், அத இப்ப விட்டுருவோம்). அதனால பாதையோட ஒரு பக்கத்துல வட துருவம் சூரியன பாத்து சாஞ்சிருக்கும், ஆறு மாசம் கழிச்சு எதிர்ப்பக்கத்துல சூரியன விட்டு விலகி சாஞ்சிருக்கும். அந்த விலகல் உச்சத்த தொடுற கணம்தான் குளிர்கால கதிர்த்திருப்பம், பெரும்பாலும் டிசம்பர் 21 இல்ல 22. நாள்னு சொல்றது நம்ம வசதிக்கு, உண்மையில அது ஒரே ஒரு கணம், உலகம் முழுக்க ஒரே நேரத்துல வர்றது, அப்போ சூரியன் மகர ரேகைக்கு நேர் மேல நிக்கும்.

ஒரு சாய்வுக்கா இவ்ளோ குளிர்னு தோணலாம், கணக்கு போட்டு பாத்தா புரியும். வடக்கே 50 டிகிரி அட்சரேகையில இருக்குற ஒரு ஊர எடுத்துக்கோங்க. ஜூன் கதிர்த்திருப்பத்தன்னிக்கு நடுப்பகல் சூரியன் அங்க 63 டிகிரி உயரத்துல இருக்கும், டிசம்பர்ல வெறும் 17 டிகிரிக்கும் கொஞ்சம் கீழ. சாய்வா விழுற வெளிச்சம் அதிக தரையில பரவிடும், அதனால டிசம்பர் நடுப்பகல்ல ஒரு சதுர மீட்டர் தரைக்கு கிடைக்கிறது ஜூன் நடுப்பகல்ல கிடைக்கிறதுல மூணுல ஒரு பங்குதான். இது போதாதுன்னு பகல் நீளமும் பதினாறு மணி நேரத்துலேர்ந்து எட்டு மணி நேரமா பாதியாகிடுது. ரெண்டையும் சேர்த்தா அந்த ஊரு வெயிலுக்கு எவ்ளோ ஏங்கியிருக்கும்னு தெரியும்.

சூரியன விட்டு தூரமா போறதாலதான் குளிர்காலம் வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நிலவரம் அப்படியே தலைகீழ். பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துலதான், அப்போ தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில 15.2 கோடி. அதாவது ஐரோப்பாவே நடுங்கிட்டு இருக்குற நேரத்துல பூமி மொத்தமா வாங்குற வெயில் ஜூலைய விட ஏறக்குறைய 7 சதவீதம் ஜாஸ்தி. சாய்வுக்கு முன்னாடி அந்த 7 சதவீதம் எடுபடல, அவ்ளோதான்.

இனிமே விஷயம் கொஞ்சம் சுவாரசியமா போகுது, ஏன்னா கொண்டாடணும்னு முடிவு பண்ணிட்டா எந்த நாள்லன்னு அடுத்த கேள்வி வரும், அது பாக்குற அளவுக்கு லேசான கேள்வி இல்ல.

நடுப்பகல் சூரியனோட உயரம் வருஷத்துல மேல கீழ போயிட்டு வர்றது ஊஞ்சல் மாதிரி, நடுவுல வேகம், ரெண்டு ஓரத்துலயும் மெதுவு. மார்ச், செப்டம்பர்ல ஒரு நாளைக்கு 0.4 டிகிரி நகரும், அது சூரிய வட்டத்தோட அகலத்துல முக்கால் பங்கு, கண்ணாலயே கவனிச்சுடலாம். டிசம்பர் கதிர்த்திருப்பத்த ஒட்டி அஞ்சு நாள் முன்ன பின்ன போனாலும் மொத்த மாற்றம் ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதனால பழங்கால மனுஷங்க வெறும் கண்ணால "இன்னிக்குத்தான்"னு ஒரு நாள குறிச்சு சொல்றது ரொம்ப கஷ்டம், நாலஞ்சு நாள் சூரியன் ஒரே இடத்துல உதிக்கிற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் விட்டாங்களா பாருங்க. அயர்லாந்துல நியூகிரேஞ்ச்னு ஒரு கல்லறை மேடு இருக்கு, கி.மு. 3200 வாக்குல கட்டினது, எகிப்து பிரமிடுகளுக்கும் மூத்தது. வாசலுக்கு மேல ஒரு சின்ன திறப்பு, உள்ள 19 மீட்டர் நீளத்துக்கு கல் பாதை. கதிர்த்திருப்பத்த ஒட்டின ஒரு சில நாள் காலையில மட்டும் சூரியன் உதிச்சதும் ஒரு ஒளிக்கீற்று அந்த திறப்பு வழியா நுழைஞ்சு உள் அறை வரைக்கும் போய் ஏறக்குறைய 17 நிமிஷம் நிக்குது. அவங்க எந்த சாமிய கும்பிட்டாங்கன்னு எழுதி வைக்கல, சாமி பேரு போச்சு, கணக்கு மட்டும் அஞ்சாயிரம் வருஷம் தாண்டியும் வேலை செய்யுது.

சரி, கதிர்த்திருப்பத்தன்னிக்கு பகல் ரொம்ப குட்டை, அப்போ அன்னிக்குத்தான் சாயங்காலம் சீக்கிரமா இருட்டும், காலையில லேட்டா விடியும்னு நினைப்போம் இல்லையா? அதுவும் கிடையாது. லண்டன்ல ரொம்ப சீக்கிரமா சூரியன் மறையுறது டிசம்பர் 12 வாக்குல, ரொம்ப லேட்டா உதிக்கிறது டிசம்பர் கடைசியில. பூமத்திய ரேகை பக்கம் வர வர இந்த இடைவெளி இன்னும் கூடும். காரணம் நம்ம கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள தகராறு. ஒரு நடுப்பகல்லேர்ந்து அடுத்த நடுப்பகல் வரைக்கும் 24 மணி நேரம்ங்கிறது வெறும் சராசரி. டிசம்பர் கடைசியில அது 24 மணி நேரமும் 30 விநாடியும். பூமி ஒரு நாள்ல தன்னைத்தானே ஒரு முழு சுத்து சுத்தினா போதாது, அதுக்குள்ள சூரியன சுத்தியும் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்திருக்கும், அத ஈடு கட்ட சுமார் நாலு நிமிஷம் கூடுதலா திரும்பணும். டிசம்பர், ஜனவரியில சூரியனுக்கு கிட்ட இருக்குறதால வேகமா நகருது, அதுக்கு ஒரு எட்டு விநாடி. சாய்வால கதிர்த்திருப்பத்த ஒட்டி சூரியனோட நகர்வு முழுக்க கிழக்கு மேற்காவே அமைஞ்சுடுது, அதுக்கு ஒரு இருபது விநாடி. தினமும் இந்த அரை நிமிஷம் சேர்ந்து சேர்ந்து நடுப்பகலே பின்னாடி தள்ளிப் போகுது, கூடவே விடியலையும் அஸ்தமனத்தையும் இழுத்துட்டு போகுது, அதனால பகல் இன்னும் குறைஞ்சுகிட்டே இருக்கும்போதே சாயங்கால வெளிச்சம் நீள ஆரம்பிச்சுடும். ஆபீஸ் விட்டு இருட்டுல வீட்டுக்கு போறவங்களுக்கு உண்மையான பண்டிகை அந்த அஸ்தமனம் திரும்புற நாள்தான்னு நான் சொல்வேன்.

அப்போ டிசம்பர் 25 எங்கேர்ந்து வந்துச்சு? கி.மு. 45ல ஜூலியஸ் சீசர் கொண்டு வந்த காலண்டர்ல ரோமானியர்கள் கதிர்த்திருப்பத்த டிசம்பர் 25னுதான் வழக்கமா வெச்சிருந்தாங்க. ஆனா அந்த காலண்டர் வருஷத்துக்கு 365.25 நாள்னு எடுத்துகிச்சு, நிஜத்துல 365.2422 தான், வருஷத்துக்கு 11 நிமிஷம் பிசகு, 128 வருஷத்துக்கு ஒரு நாள். கி.பி. 1582ல போப் பதிமூணாம் கிரெகோரி பத்து நாள தூக்கிட்டு சரி பண்ணினாரு, அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. ஆனா அவர் சரி பண்ணது சீசர் காலத்துக்கு இல்ல, கி.பி. 325ல கூடின திருச்சபை மாநாட்டு காலத்துக்கு. அந்த நடுவுல ஓடிப்போன நாளுங்கள யாரும் திருப்பித் தரல, அதனாலதான் இன்னிக்கு கதிர்த்திருப்பம் 21லயும் கிறிஸ்துமஸ் 25லயும் தனித்தனியா நிக்குது.

இங்க நம்ம ஆளுங்களுக்கும் ஒரு குட்டு வைக்கணும். "கிறிஸ்துமஸ் சூரிய வழிபாட்டுக்காரங்க கிட்ட திருடினது"ன்னு நாத்திகர்கள் மீம் போட்டுட்டு இருக்கோம், ஆதாரம் அவ்ளோ சுத்தமா இல்ல. ரோமானிய பேரரசர் ஆரேலியன் கி.பி. 274ல 'வெல்ல முடியாத சூரியன்'ங்கிற சாமிக்கு கோயில் அர்ப்பணிச்சது நிஜம். ஆனா டிசம்பர் 25 அந்த சூரியனோட பிறந்தநாள்னு சொல்ற கி.பி. 354ம் வருஷத் தொகுப்புலயே அதே தேதியில இயேசு பெத்லகேம்ல பிறந்தாருன்னும் இருக்கு. மார்ச் 25ல கரு உண்டாச்சுன்னு நம்பி ஒன்பது மாசம் கூட்டித்தான் அந்த தேதி வந்துச்சுன்னு வாதாடுற ஆய்வாளர்களும் இருக்காங்க. ஆதாரம் கேட்டு கேட்டு நாத்திகரானவங்க நமக்கு சாதகமான கதைக்கும் அதே ஆதாரத்த கேட்கணும்.

மதமே இல்லாம இந்த பண்டிகை எப்படி ஓடும்னு பாக்கணும்னா அண்டார்டிகாவுக்கு போகணும். அங்க நடுக்குளிர்காலம் ஜூன்ல. தென் துருவத்துல மார்ச்ல மறையுற சூரியன் செப்டம்பர்லதான் உதிக்கும், ஆறு மாச ராத்திரியோட சரிபாதி ஜூன் கதிர்த்திருப்பம். ஜூன்ல எந்த பெரிய மதப் பண்டிகையையும் அங்க யாரும் கொண்டு போய் வைக்கல, ஆனாலும் குளிர்காலத்துல அங்க தங்குற விஞ்ஞானிகள், மெக்கானிக், சமையல்காரங்க எல்லாருக்கும் வருஷத்துலயே பெரிய விழா அன்னிக்குத்தான். வேலைக்கு லீவு, பெரிய விருந்து, ஒரு ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து இன்னொன்னுக்கு வாழ்த்து. பிரிட்டிஷ் நிலையங்கள்ல கையால செஞ்ச பரிசுதான் குடுக்கணும்னு ஒரு மரபு, மாசக்கணக்கா ரகசியமா உக்காந்து செய்வாங்க. இது புதுசும் இல்ல. 1911 ஜூன் 22ல ராபர்ட் ஸ்காட்டோட குழு தங்களோட குடில்ல இத கொண்டாடினப்போ பவர்ஸ்ங்கிறவரு மூங்கில் பத்தையையும் பனிச்சறுக்கு கோலையும் வெச்சு ஒரு மரம் செஞ்சு கிளை நுனியில எல்லாம் இறகு கட்டினாரு, ஏன்னா அந்த கண்டத்துல மரமே கிடையாது. பவர்ஸ் நல்ல பக்திமான், அத மறைக்க வேண்டாம், ஆனா அன்னிக்கு அந்த மேஜைய சுத்தி எல்லாரையும் உக்கார வெச்சது பாதி இருட்டு முடிஞ்சுதுங்கிற ஒரே சந்தோஷம்தான்.

இருட்டு மனச அழுத்துறதும் கற்பனை இல்ல. நம்ம விழித்திரையில பாக்குறதுக்கான செல்லுங்க போக, வெளிச்சத்தோட அளவ மட்டும் மூளையோட கடிகாரத்துக்கு சொல்ற செல்லுங்க தனியா இருக்கு, நீல வெளிச்சத்துக்கு நல்லா முழிக்கும். காலையில அதுக்கு வெளிச்சம் பத்தலைன்னா உடம்புக்கு பகல் எப்ப ஆரம்பிக்குதுன்னே குழப்பம். குளிர்காலத்துல மட்டும் வர்ற மனச்சோர்வ 1984லயே மருத்துவர்கள் விவரிச்சு எழுதியாச்சு, அதுக்கு குடுக்குற ஒளி சிகிச்சை 10,000 லக்ஸ் (லக்ஸ்ங்கிறது ஒரு இடத்துல விழுற வெளிச்சத்த அளக்குற அலகு). மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தள்ளி குடுக்குறது சுமார் ஒரு லக்ஸ். வீட்டு விளக்கு சில நூறு. மேகம் மூடின நாள்ல கூட வெளிய நின்னா ஆயிரக்கணக்குல கிடைக்கும். ஆக மெழுகுவர்த்தியும் சீரியல் செட்டும் அழகுக்கு ஏத்துங்க, அந்த செல்லுங்களுக்கு அது கணக்குலயே வராது, அதுக்கு காலையில வெளிய ஒரு நடை நடக்கணும். மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டு ராத்திரி விளக்கேத்துறது அறிவியல்படி தப்பான வரிசை!

பரிசுக்கு எனக்கு பிடிச்ச உதாரணம் வானியலாளர் கெப்ளர். செவ்வாய் கிரகம் வட்டமா சுத்தல, நீள்வட்டமா சுத்துதுன்னு 1609ல சொன்ன (பூமி உட்பட மத்த கிரகங்களுக்கும் அதையே பின்னாடி சொன்ன) அதே ஆளு, 1611ல தன்னோட புரவலருக்கு புத்தாண்டு பரிசா ஒரு குட்டிப் புத்தகம் எழுதிக் குடுத்தாரு, பனித்துகளுக்கு ஏன் எப்பவும் ஆறு முனைன்னு ஒரே ஒரு கேள்விய சுத்தி. முழு விடை அவருக்கு கிடைக்கல, கிடைக்கலன்னு ஒத்துகிட்டாரு. தண்ணி மூலக்கூறுங்க உறையும்போது அறுகோண வலையா கோத்துக்குதுன்னு கண்டுபிடிக்க இன்னும் முன்னூறு வருஷம் ஆச்சு. புரியாத ஒரு நல்ல கேள்விய பரிசா குடுக்கலாம், செலவும் இல்ல.

தேதிய பொறுத்தவரைக்கும் அமெரிக்க மனிதநேய அமைப்புகள் சில 2001லேர்ந்து டிசம்பர் 23ஐ மனித ஒளி (HumanLight)ங்கிற பேர்ல கொண்டாடுறாங்க, பரவால்ல. இன்னும் சிலர் டிசம்பர் 25ஐ நியூட்டன் பிறந்தநாளா கொண்டாடுறாங்க, 1642ல அன்னிக்கு பிறந்தாருன்னு. ஆனா இங்கிலாந்து அப்போ பழைய காலண்டர்லதான் இருந்துச்சு, இப்போ நாம பாக்குற காலண்டர் படி அது 1643 ஜனவரி 4. வருத்தப்பட ஒண்ணும் இல்ல, பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட போற நாளும் ஏறக்குறைய அப்பதான், அந்த நீள்வட்டம் ஏன் அப்படி இருக்குன்னு ஈர்ப்பு விசைய வெச்சு விளக்கினதும் அதே மனுஷன்தான். அதனால 25ஆம் தேதி லீவு எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு மேனேஜர் கைய விரிச்சா, 4ஆம் தேதிக்கு எழுதிக் குடுங்க.