மூக்குக்குள் விடும் விறைப்பு மருந்து

பல்லுப் பிடுங்கியவர்களுக்கு லிக்னோகெயினைத் தெரிந்திருக்கும். ஊசி ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். தேத்தண்ணி குடித்தால் சட்டையில் வடியும். அதே மருந்தை மூக்குக்குள் விட்டு ஒற்றைத் தலையிடியை அடக்கிப் பார்க்கிறார்கள் என்று சொன்னபோது சித்தி நம்பவில்லை.

"தலையிடிக்கும் மூக்குக்கும் என்னடா சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. சித்திக்குத் தலையிடி தொடங்குவது பெரும்பாலும் உச்சி வெயிலில், திருகோணமலைக் கடற்கரைத் தண்ணீர் பளபளத்துக் கண்ணைக் குத்தும் நேரம். ஒரு பக்க நெற்றி விண்விண் என்று தெறிக்கும். அந்தப் பக்கக் கண்ணில் நீர் வடியும், மூக்கும் அடைக்கும். பீனிசம் என்றே பல வருடம் நினைத்திருந்தார்.

விடை அந்த மூக்கடைப்பில்தான் இருக்கிறது. மூக்கின் பின்கோடியில், சவ்வுக்குச் சற்று அடியிலேயே ஒரு நரம்பு முடிச்சு உண்டு. கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்குச் சவ்வுக்கும் மூளையுறையின் இரத்தக் குழாய்களுக்கும் போகும் இழைகள் இதற்குள்ளால் போகின்றன. மைகிரேனில், அதாவது ஒற்றைத் தலையிடியில், முகத்தின் உணர்ச்சி நரம்பு கிளர்ந்தால் இந்த முடிச்சும் உசுப்பப்படுகிறது. அது குழாய்களை விரித்து, நரம்பை இன்னும் சீண்டிவிடுகிறது என்பதே விளக்கம்.

நரம்பில் செய்தி ஓட வேண்டுமென்றால் சோடியம் உள்ளே நுழையும் வாசல்கள் வரிசையாகத் திறக்க வேண்டும். லிக்னோகெயின் அவற்றை அடைத்துவிடும். முடிச்சு சவ்வுக்குச் சற்று அடியிலேயே இருப்பதால் ஊசி கூடத் தேவையில்லை. மல்லாக்கப் படுத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டால் சொட்டுகள் அங்கே இறங்கிவிடும். 1908இல் ஸ்லூடர் என்ற அமெரிக்க வைத்தியர் இதே முடிச்சில், அக்காலத்து விறைப்பு மருந்தான கொக்கெயினைப் பூசிப் பார்த்தவர்.

பலன்? 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மருந்து விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கால் மணித்தியாலத்துக்குள் வலி பாதியாவது குறைந்தது. வெறும் உப்புநீர் விட்டவர்களில் 21 சதவீதம். ஆனால் குறைந்தவர்களில் பலருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. பின்னைய ஆய்வுகள் எல்லாமும் இவ்வளவு நல்ல முடிவைத் தரவில்லை. என்னைக் கேட்டால், இது தீயை அணைப்பதல்ல, எச்சரிக்கை மணியின் சத்தத்தை நிறுத்துவது.

லிக்னோகெயினுக்கு விறைக்கச் செய்ய அனுமதி உண்டு, மைகிரேனுக்கு இல்லை. அப்படிக் கொடுப்பது வைத்தியரின் பொறுப்பில் நடப்பது. வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. கசக்கும், தொண்டையும் விறைக்கும். உணர்ச்சி திரும்பும்வரை எதையும் விழுங்கினால் புரையேறக்கூடும்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டது இதுதான்: "அப்ப எவ்வளவு நேரம் தேத்தண்ணி குடிக்கேலாது?"