சட்டமன்றத்தில் 117 எப்படி 108 ஆனது?

2017 செப்டம்பர் 18-ஆம் தேதி தமிழகச் சபாநாயகர் ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்தார். அவர்களின் தொகுதிகளில் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் ஆகிய மூன்றும் அன்றைய வேலூர் மாவட்டத் தொகுதிகள். நாடாளுமன்ற ஆட்சிமுறை எந்த இடத்தில் பலவீனமானது என்று காட்ட நம் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்த முறையில் முதலமைச்சருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யாரை ஆதரிக்கிறார்களோ அவர் ஆள்கிறார்; ஆதரவு போனால் ஆட்சியும் போகும். அதனால் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அரசைக் கேள்வியும் கேட்க வேண்டும், விழாமல் தாங்கவும் வேண்டும். நடைமுறையில் தாங்கும் வேலைதான் ஜெயிக்கிறது.

வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு 1952-லேயே இதைப் பார்த்துவிட்டது. சென்னை மாநிலச் சபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. காங்கிரசை எதிர்த்து நின்று 6 இடங்களில் வென்ற காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர், ராஜாஜி அமைச்சரவையிலேயே அமைச்சரானார். ஓட்டுப் போட்டவர்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஜெயித்த பிறகு உறுப்பினர்கள் கட்சி மாறுவதைத் தடுக்கத்தான் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோக்கம் சரி. ஆனால் சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்றான பிறகு, உறுப்பினர் எதற்குத் தனியாக யோசிக்கப் போகிறார்? தகுதிநீக்கத்தை முடிவு செய்பவரோ சபாநாயகர், பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர்.

அந்த 18 பேர் வேறு கட்சியில் சேரவில்லை. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதையே கட்சியை விட்டு விலகியதாகச் சபாநாயகர் எடுத்துக்கொண்டார். அப்புறம் கணக்கைப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு இடம் காலி என்பதால் சபையில் 233 பேர். பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேர் போனதும் 215. அப்போது 108 போதும். ஒரு ஓட்டுகூடக் கூடாமலே அரசின் மேலிருந்த ஆபத்து விலகியது.

2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தகுதிநீக்கம் செல்லும் என்றது. நம் மூன்று தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல், பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க ஆம்பூருக்கு ஆளே இல்லை. அந்த மக்கள் செய்த தவறு என்ன?

இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் தருவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு, கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. மற்ற மசோதாக்களில் குடியாத்தம் எம்.எல்.ஏ. குடியாத்தத்துக்காக ஓட்டுப் போடட்டும்.