வெள்ளை மேல் வெள்ளை: லோகோவைச் சுற்றி ஏன் சாம்பல் கோடு?

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை லோகோவை ஒட்டினால் எதுவுமே தெரியக் கூடாது. ஆனால் பல நிரல்களில் எழுத்துகளின் ஓரமாக மெல்லிய சாம்பல் கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே நிரலில் எங்கே பிசகியது என்று சொல்லிவிடலாம்.

பிஎன்ஜி படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஆல்பா என்ற நான்காவது எண்ணும் இருக்கலாம். 0 என்றால் கண்ணாடி, 255 என்றால் சுவர். கலக்கும் கணக்கு எளிது: மேல்நிறம் × ஆல்பா + கீழ்நிறம் × (1 − ஆல்பா). ஆல்பாவை முதலில் 255ஆல் வகுக்க வேண்டும். 256ஆல் வகுத்தால் முழுதாக மறைக்க வேண்டிய இடத்திலும் பின்னணி கொஞ்சம் கசியும்.

பைத்தான் மொழியின் எண் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) 8 பிட் எண்களாகவே (0 முதல் 255 வரை மட்டும்) பெருக்கினால் 200 × 128 என்பதற்கு விடை 0! 25,600 அந்தப் பெட்டிக்குள் அடங்காமல் சுற்றி வந்து பூஜ்யத்தில் நிற்கிறது. முதலில் தசம எண்ணாக மாற்றிக்கொண்டு, கலந்த பிறகு முழு எண்ணாக்குங்கள். படங்களைக் கையாளும் நூலகமான ஓப்பன்சிவி (OpenCV) வழக்கமாகப் படத்தைத் திறக்கும்போது ஆல்பாவையே விட்டுவிடும். உள்ளதை உள்ளபடி படிக்கச் சொல்லித் திறக்க வேண்டும்.

இனி அந்தச் சாம்பல் கோடு. கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு, பெரும்பாலும் கறுப்பு. லோகோவைப் பாதியாகச் சுருக்கும்போது வெள்ளையும் (255, ஆல்பா 1) மறைந்த கறுப்பும் (0, ஆல்பா 0) சராசரியாகி, நிறம் 127.5, ஆல்பா 0.5 என்று ஆகும். அதை வெள்ளை மேல் வைத்தால் கிடைப்பது சுமார் 191. அதுதான் சாம்பல்.

தீர்வு, சுருக்குவதற்கு முன்பே நிறத்தை ஆல்பாவால் பெருக்கிவிடுவது. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த முறையைத் தெளிவாக முன்வைத்தது. அப்போது கணக்கு, மேல்நிறம் + கீழ்நிறம் × (1 − ஆல்பா) என்று சுருங்கும். அதே ஓரத்தில் 127.5 + 127.5 = 255. கோடு போயிற்று. பைத்தானின் இன்னொரு பட நூலகமான பில்லோவின் (Pillow) அளவு மாற்றும் கட்டளை இதைத் தானாகவே செய்துவிடும். ஓப்பன்சிவி செய்யாது, நாம்தான் பெருக்க வேண்டும்.

ஒளி ஊடுருவும் படமாகவே சேமிப்பதாக இருந்தால் ஒரு வேலை பாக்கி. பிஎன்ஜி பெருக்காத நிறத்தையே எதிர்பார்க்கும். ஆகவே ஆல்பாவால் திரும்ப வகுத்து, ஆல்பா 0 உள்ள பிக்சல்களை மட்டும் வகுக்காமல் தாண்டிவிடுங்கள்.