மீன் தொட்டி, நிழல்வலை, புழு உரம்: மானியம் கேட்கப் போகும் முன்

"இது மீன் சமாச்சாரம், மீன்வளத் துறைக்குப் போங்க." என்றார்கள் தோட்டக்கலை அலுவலகத்தில். மீன்வளத் துறைக்குப் போனால், "மேல கூரை போட்டு, செடி வைக்கிறேங்கறீங்க. இது தோட்டக்கலை." எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே ஏழு முறை நடந்தார். எட்டாவது முறை போகவில்லை.

அவர் மானியம் கேட்டது மலையைப் புரட்டும் வேலைக்கு இல்லை. தோட்டத்தில் ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் சதுர பிளாஸ்டிக் தொட்டி) இரண்டு வைத்து மீன் விடுவது. அந்தத் தண்ணீரை ஜல்லிப் படுகையில் ஏற்றிக் கீரையும் தக்காளியும் வளர்ப்பது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஜல்லியில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும், தெளிந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கு வரும். அக்வாபோனிக்ஸ் என்பது இவ்வளவுதான். மேலே வெயிலுக்கு ஒரு வலை, ஓரத்தில் காய்கறிக் கழிவைத் தின்னும் புழுவுக்கு ஒரு பெட்டி. அக்வாபோனிக்ஸ் என்பது இவ்வளவுதான்.

அவர் செய்த பிழை, இதை ஒரே திட்டமாகச் சொன்னது. தோட்டத்தில் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பது கோப்பில் மூன்று துண்டு: மீன், கூரை, உரம். வட்டார அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் இதற்கு இத்தனை பேர் என்று தலைப்பு வாரியாக 'இலக்கு' வரும். உங்கள் யோசனைக்கு நேராக அந்தத் தாளில் ஒரு வரி இல்லையென்றால், அலுவலர் நல்லவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் போனதும் கேட்க வேண்டிய கேள்வி, "அக்வாபோனிக்ஸுக்கு மானியம் உண்டா?" இல்லை. "இந்த வருஷ இலக்கில் எந்தெந்தத் தலைப்பு மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். மீனைத் தனியாக, கூரையைத் தனியாக, உரத்தைத் தனியாகக் கேளுங்கள்.

மீனுக்கு, 2020 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம். முதலில் 2024-25 வரை என்றார்கள், பிறகு 2025-26 வரை நீட்டினார்கள். அதில் மானியம், அலகுச் செலவில் (ஓர் அலகுக்கு இவ்வளவு ஆகும் என்று அரசு வைத்திருக்கும் தொகை) பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வைக்கும் சிறிய மறுசுழற்சி மீன் வளர்ப்பு அலகுக்கு அலகுச் செலவு 50,000 ரூபாய். ஏழு பயோஃபிளாக் தொட்டி (மீன் கழிவைத் தண்ணீரிலேயே நுண்ணுயிர்கள் சுத்தம் செய்யும் தொட்டி) போட்டால் 7.5 லட்சம். கூரைக்கும் மண்புழு உரத்துக்கும் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம். அதில் பொதுவாகப் பாதி. நிழல்வலைக்குடிலுக்குப் பல ஆண்டுகள் சதுர மீட்டருக்கு 355 ரூபாய் கொடுத்தார்கள். 2025-இல் விகிதங்களைத் திருத்தியதால், இன்றைய எண்ணை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இடறி விழும் இடங்கள்.

பாதி என்றால் உங்கள் பில்லில் பாதி இல்லை. அரசு வைத்திருக்கும் அலகுச் செலவில் பாதி. 355 ரூபாய் வந்தது 710-ஐப் பாதியாக்கி. கம்பிக் கூடு போடுகிறவர் சதுர மீட்டருக்கு 1,000 கேட்டால், மிச்சம் 645-ம் உங்கள் தலையில். "ஐம்பது பர்சென்ட் சார்" என்று ஏஜென்ட் சொல்லும்போது எதில் ஐம்பது என்று கேளுங்கள். அங்கேயே பேச்சு மாறும்.

அடுத்தது, அதிகம் பேர் விழும் குழி: பணி ஆணை, அதாவது வேலையைத் தொடங்கலாம் என்று துறை தரும் தாள், வரும் முன் வேலையைத் தொடங்குவது. காலி இடம், நடுவில் வேலை, முடிந்த கட்டுமானம் என்று மூன்று கட்டத்திலும் இடக்குறியோடு (ஜிபிஎஸ்) படம் எடுப்பார்கள். முதல் படத்தில் வெறும் மண் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர், ஆள் கூலி மலிவாக இருந்த மாதத்தில் தொட்டிக்கு மேடை கட்டிவிட்டார். இரண்டு அடி உயரச் செங்கல் மேடை, அவ்வளவுதான். பார்வைக்கு வந்தவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார், மேடையைப் பார்த்தார், கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "ஏற்கெனவே செய்த பணி" என்று ஒரு வரியில் கோப்பு முடிந்தது. இடித்துவிட்டு மறுபடி கேட்கலாமா என்று அக்கா என்னிடம் கேட்டார். என்ன பதில் சொல்வது?

மூன்றாவது, 'நானே செய்கிறேன்' என்கிறவர்களுக்கு. மூங்கில், பழைய போர்வெல் குழாய், காயலான் கடை டிரம் என்று சொந்தக் கையால் கட்டினால் செலவு பாதியாகும், மானியம் பூஜ்யமாகும். அந்த 355 ரூபாய்க் கூரைக்கு அவர்கள் கேட்டது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் குறித்த தரத்து வலையும். பெரும்பாலும் துறை அங்கீகரித்த நிறுவனம்தான் கட்ட வேண்டும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் வேண்டும். காயலான் கடையில் துண்டுச் சீட்டுகூடக் கிடைக்காது. என் கணக்கு இது: நூறு சதுர மீட்டருக்குக் குறைவான கூரை என்றால் மானியத்தை மறந்துவிட்டு மூங்கிலில் கட்டுங்கள். பழைய விகிதப்படி நூறு சதுர மீட்டருக்கு வருவதே 35,500 ரூபாய். அதற்காக இரும்புக் கூட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அதை விழுங்கிவிடும். அலைச்சலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிலப் பத்திரத்தில் தடுக்கி விழுகிறவர்கள் தனிக் கூட்டம். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேரில் இருக்கும். அல்லது கூட்டுப் பட்டா. ஒரு பங்காளி திருப்பூரில், இன்னொருவர் பேசுவதில்லை. முதலில் பட்டா மாறுதலை முடியுங்கள், அதற்கே மாதங்கள் போகும். வீட்டை ஒட்டிய கொல்லை நத்தம் (குடியிருப்பு) நிலமாக இருந்தால் அதற்கு அடங்கல் (சாகுபடிப் பதிவு) வராது, தோட்டக்கலையில் தள்ளிவிடுவார்கள். 'வீட்டுத் தோட்டத்தில்தானே' என்று போகிற பாதிப் பேர் திரும்பி வருவது இதனால்தான். பெண்களுக்கு 60 சதவீதம் என்று படித்துவிட்டு மனைவி பேரில் மனுப் போடுவார்கள், நிலமோ கணவர் பேரில். அப்போது குத்தகைப் பத்திரம் கேட்பார்கள், அதுவும் பதிவு செய்தது. இருபது ரூபாய்த் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை யாரும் மதிப்பதில்லை. மனுவுக்கு முன்பே பதிவாளர் அலுவலகம் போய் வந்துவிடுங்கள்.

மனுவோடு கேட்கும் தாள்கள் இவை: சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, சிறு குறு விவசாயி சான்று, இப்போது புதிதாக விவசாயி அடையாள எண். சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். 500 கேட்டால் ரசீது கேளுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் பின்னால்தான் வரும். முழுச் செலவையும் நீங்கள் போட்டு, கட்டி முடித்து, படம் எடுத்து, அதற்குப் பிறகு நிதி வந்தால் கணக்கில் ஏறும். மார்ச் 31-க்குள் பில் போகாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், சில சமயம் அங்கேயே தங்கிவிடும். மானியத்தை நம்பி மீட்டர் வட்டிக்கு வாங்கித் தொட்டி போட்டவர்கள், மீன் விற்ற பணத்தில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த மீன் என்பதிலும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதைத் 'தேளி' என்று சொல்லி விற்கும் குஞ்சு வியாபாரிகள் உண்டு, தொட்டியில் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள். கிஃப்ட் (வேகமாக வளரும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம்) திலேப்பியா தொட்டிக்கு அருமையான மீன்தான், ஆனால் அதற்குத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். குஞ்சு வாங்கிய பில்லை வைத்திருங்கள். ஏர் பம்பு ராத்திரி பகலாக ஓடும் என்பதால், இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து வயர் இழுக்கும் முன் மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உரத்துக்கு வருவோம். விதியில் இருக்கும் சொல் 'மண்புழு'. பழைய விதிப்படி 96 கன அடி எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) படுக்கைக்கு அலகுச் செலவு 16,000 ரூபாய், அதில் பாதி. நம் அண்ணன் வைக்க நினைத்தது பி.எஸ்.எஃப். எனும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அதைச் சொன்னதும் மேஜைக்கு அந்தப் பக்கம் முகம் சுளித்தது. "ஈ வளர்க்கறதுக்கா மானியம்?" அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் உட்காராது. அதன் புழு இரண்டு வாரம் போல அழுகிய தக்காளியையும் மிச்சச் சோற்றையும் தின்று கறுத்து, சாய்வுப் பலகையில் தானாக ஏறி வாளியில் விழும். அதை அப்படியே மீனுக்குப் போடலாம். இதையெல்லாம் அவர் விளக்கினார், பலனில்லை. நீங்கள் விளக்காதீர்கள். மண்புழுப் படுக்கைக்கு மனுப் போடுங்கள். ஈப் பெட்டிக்கு இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும் ஒரு பலகையும் போதும், யார் கையெழுத்தும் வேண்டாம்.

வாயால் கேட்ட கேள்விக்கு வாயால்தான் பதில் வரும், மறுநாள் அது மாறும். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "இலக்கு முடிஞ்சு போச்சு" என்றால், பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த ஆண்டு இந்த வட்டாரத்துக்கு வந்த இலக்கு எத்தனை, எத்தனை பேருக்குப் பணி ஆணை கொடுத்தீர்கள், எந்தத் தேதிகளில். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும் முன்பே சிலருக்கு ஃபோன் வந்திருக்கிறது, "ஒரு யூனிட் மிச்சம் இருக்கு, வாங்க" என்று. ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது அந்த முத்திரை போட்ட பிரதியைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் எழுந்து பேசினால், "மனுவே வரலையே" என்பார்கள்.

அந்த அண்ணன் மண்புழுப் படுக்கை ஒன்றை மட்டும் மானியத்தில் வாங்கிக்கொண்டார். தொட்டியும் மூங்கில் கூரையும் சொந்தக் காசு. கோடையில் தொட்டித் தண்ணீர் சூடாகிறது என்று இப்போது இரண்டாவது அடுக்கு வலை போட்டுக்கொண்டிருக்கிறார். ஈப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க இன்னும் மனைவி சம்மதிக்கவில்லை.