ஐந்து நொடிச் சர்க்கரைக் கட்டி

பாரிஸில் ஒரு காபிக் கடை. சர்க்கரைக் கட்டியின் நுனியைக் காபியில் தொட்டுப் பிடிக்கிறாள் ஜூலி. பழுப்பு நிறம் விறுவிறுவென மேலேறுகிறது. கட்டி முழுக்க நனைந்ததும் கோப்பைக்குள் போட்டுவிடுகிறாள். ஷாட் அவ்வளவுதான். 1993-இல் வந்த ‘த்ரீ கலர்ஸ்: ப்ளூ’ படத்தின் இந்தத் துண்டுக்காக, இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் உதவியாளர் அரை நாள் விதவிதமான கட்டிகளை நனைத்துப் பார்த்திருக்கிறார். சாதாரணக் கட்டி எட்டு நொடி எடுத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் ஐந்தரை நொடிக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்பது இயக்குநரின் கணக்கு. பரல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள்தான் காபியை மேலே இழுக்கின்றன. இடுக்கின் அளவு மாறினால் வேகமும் மாறும்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? கணவனையும் மகளையும் கார் விபத்தில் பறிகொடுத்தவள் ஜூலி. அவளை நேசிக்கும் ஒருவன் ஊரெல்லாம் தேடி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவள் உலகமோ ஒரு கட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. வேறெதையும் உள்ளே விடக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆனால் அப்படி அடைத்து வைக்க முடியுமா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ‘இப்போது நினைக்கலாம்’ என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒரு நினைவைத் தடுக்க, அது வருகிறதா என்று மனதின் ஒரு பகுதி ஓயாமல் காவல் பார்க்க வேண்டும். திருடன் முகம் தெரியாமல் காவல்காரன் வேலை செய்ய முடியாதே!

ஜூலிக்கும் அதுதான் நடக்கிறது. யாரோ வணக்கம் சொல்கிறார்கள். திடீரென இசை வெடிக்கிறது, திரை இருண்டுவிடுகிறது. வெளிச்சம் திரும்பும்போது அதே இடம், அதே கணம். அவள் பதில் வணக்கம் சொல்கிறாள். வெளியே கடிகாரம் நகரவில்லை, உள்ளே மட்டும் ஏதோ வந்து போயிருக்கிறது. துக்கம் திடுமென நினைவாகக் குறுக்கிடுவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய உத்தியை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை.

துக்கம் என்றாலே மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைச் சொல்வது பழக்கமாகிவிட்டது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான். இழந்தவர்கள் எல்லோரும் வரிசையாக அந்தப் படிகளில் ஏறுவதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: மனம் ஊசலாடுகிறது. கொஞ்ச நேரம் இழப்போடு இருக்கிறது, கொஞ்ச நேரம் அதை விட்டு விலகி வாடகை, சமையல், புது முகவரி என்று அன்றாடத்தைக் கட்டுகிறது. விலகுவதும் குணமாவதில் ஒரு பகுதிதான். ஒரே பக்கம் சிக்கிக்கொண்டால்தான் சிரமம்.

ஜூலி விலகும் பக்கத்திலேயே குடியிருக்கப் பார்க்கிறாள். வீட்டை விற்கச் சொல்கிறாள், கணவன் முடிக்காமல் விட்ட இசைத்தாள்களைக் குப்பை வண்டியில் எறிகிறாள். கைப்பையில் மகளுக்கான நீலக் காகிதம் சுற்றிய மிட்டாய் அகப்பட்டபோது, வெறிபிடித்தவள் போல நறநறவென்று கடித்துத் தின்றுவிடுகிறாள். ஆனால் பாரிஸில் புது வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் மாட்டுவது பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருளை: நீல மணிகள் கோத்த விளக்கு.